பூரா பிடி

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, அதன் பின்பக்க நாடாவைக் கட்டத் தெரியாமல் ஒரு கையால் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மகள் தீபா. அப்போது என் போன் அதிர்ந்தது. அனுப்பியது அதே ஆஸ்பத்திரிதான். “அன்புள்ள குப்புசாமி, எங்கள் குடும்பத்தில் நீங்கள் இணைந்து இன்றோடு ஓராண்டு நிறைவு. நல்வாழ்த்துகள்!” கூடவே இரண்டு பலூன் படம்.

குப்புசாமி என்பது என் அப்பா. செத்து இருபது வருடம் ஆகிறது. என் பெயர் மணிவண்ணன். கு. மணிவண்ணன் என்று எழுதினால் குடியாத்தத்தில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். இங்கே ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பையன் கேட்டான். “சர்நேம் ஏனு சார்?” எனக்கு அப்படி ஒன்று கிடையாது, இனிஷியல்தான் என்றேன். கம்ப்யூட்டர் ஒரு எழுத்தை ஒத்துக்கொள்ளாது, விரித்துச் சொல்லுங்கள் என்றான். விரித்தேன். அன்றோடு நான் போனேன், அப்பா வந்தார்.

மாற்றலாமே என்று கேட்டதற்கு, ஆதாரில் ஒரு மாதிரி, இன்சூரன்ஸ் அட்டையில் ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி இருக்கிறது, நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வாருங்கள் என்றார்கள். சிறுநீரில் ரத்தம் போய்க்கொண்டிருந்த நேரம் அது. எந்தப் பெயரில் வேண்டுமானாலும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஜலதோஷத்துக்குக்கூட டாக்டரிடம் போகாத மனிதருக்கு முப்பத்திரண்டு நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்றால் அது இப்படித்தான். எனக்கு மொத்தம் இருபத்தாறு பல்தான் மிச்சம், ஆனால் முப்பத்திரண்டு தடவை கரண்ட்.

2

குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் நாலு மணி நேரம்கூட ஆகாது. இதற்குப் போய்ப் புலம்பெயர் வாழ்க்கை என்று பெயர் வைத்து எழுதுகிறானே என்று ஊரில் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கனடாவுக்குப் போனவனுக்குப் பனி இருக்கிறது, அதை வைத்தே பக்கத்தை நிரப்பிவிடுவான். எனக்கு ஓசூர் ரோடு நெரிசல் மட்டும்தான்.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்ட வந்தேன். குடியிருப்பு அன்றும் இன்றும் ஆஸ்டின் டவுன். கன்னடம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பஸ்ஸிலும் ஷிஃப்ட்டிலும் தானாக ஒட்டிக்கொண்டது. வந்த புதிதில் வாருங்கள் என்று மரியாதையாகக் கன்னடத்தில் “பன்னி” என்று கூப்பிட்டவனை அடிக்கப் போன கதையை இங்குள்ள ஒவ்வொரு தமிழனும் தனக்கே நடந்ததாகச் சொல்வான். அதை விட்டுவிடுகிறேன். என்னிடம் சொந்தச் சரக்கு ஒன்று உண்டு.

கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து எல்லோரையும் பரிசோதிப்பார். என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “பீடி பிடி” என்றார். கன்னடத்தில் அந்தப் ‘பிடி’க்கு அர்த்தம் விடு. ‘பஸ்’ஸில் வருகிறதே, அந்தப் ப. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், நம் காதுக்கும் அவசரத்தில் ஒன்றுதான். டாக்டர் கன்னடத்தில் சொன்னார், நான் தமிழில் கடைப்பிடித்தேன் என்று முப்பது வருடம் இந்த ஜோக்கைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். கல்யாணப் பந்தி, யூனியன் கூட்டம், ஓய்வுபெற்ற அன்று நடந்த பிரிவு விழா எதையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு தடவை சொல்லி முடித்ததும் வெளியே போய் ஒரு பீடி பற்றவைப்பேன்.

3

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிறுநீர் சிவப்பாகப் போனது. முந்தின நாள் பீட்ரூட் பொரியல். எதற்கு இவ்வளவு பீட்ரூட் போட்டாய் என்று என் மனைவி சரோஜாவைத் திட்டினேன். அடுத்த ஞாயிறு பீட்ரூட் இல்லை, சிவப்பு மட்டும் இருந்தது. அவளைத் திட்ட வழியில்லை.

டாக்டர் குழாய் விட்டு உள்ளே இருந்த கட்டியைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, அதன் சுவரை மூன்று அடுக்காக வரைந்து, பேனாவை உள்ளிருந்து வெளியே குத்திக் காட்டினார். புற்று தசை வரைக்கும் இறங்கிவிட்டது. என் முன்னால் அவர் இரண்டு வழி வைத்தார். ஒன்று, பையை முழுசாக எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பை மாட்டுவது. இன்னொன்று, பையை இருக்கிற இடத்தில் விட்டு, வாரம் ஒருமுறை மருந்து ஏற்றி, ஆறரை வாரம் கதிர்வீச்சு கொடுத்துப் பார்ப்பது. எல்லோருக்கும் இந்த இரண்டாவது வழி சரிப்படாது, உங்களுடையது ஒரே கட்டி, சுத்தமாகச் சுரண்டியாகிவிட்டது, அதனால் கேட்கிறேன் என்றார். முடிந்து மூன்று மாதம் கழித்து கேமரா விட்டுப் பார்ப்போம். சுத்தமாக இருந்தால் பை உங்களுக்கு. இல்லையென்றால் அப்போது எடுத்தே ஆகவேண்டும், கதிர் பட்ட இடத்தில் கத்தி வைப்பது இன்னும் கஷ்டம். இந்தக் கடைசி வாக்கியத்தை தீபா போனில் குறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை.

“எடுத்துடலாம்பா. ஒரே ஆபரேஷன், மேட்டர் முடிஞ்சிரும். பை மாட்டிக்கினு எத்தினி பேரு ஆபீஸ் போறாங்க, தெரியுமா? உன் வறட்டு கௌரவத்துக்கு உயிரை வெச்சி வெளையாடாதே.”

“என் உறுப்பு. நான்தான் முடிவு பண்ணுவேன்.”

“உறுப்பு உன்னுது, சரி. அப்பா என்னுது.”

நான் சத்தம் போட்டேன். விடு விடு என்று அவள், விட மாட்டேன் என்று நான். வறட்டு கௌரவம் என்றாளே, அதில் பாதி உண்மை. நின்றுகொண்டு சிறுநீர் கழிப்பதை ஒரு சொத்தாக நான் அதுவரை நினைத்ததில்லை, போகப்போகிறது என்றதும் அதுவே பூர்வீகச் சொத்து ஆகிவிட்டது. மீதிப் பாதி பயம். ஆபரேஷன் மேஜையில் என்னைப் படுக்கவைத்தால் திரும்பி எழுந்திருக்க மாட்டேன் என்று பயந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் அவள் பேசவில்லை. நாலாம் நாள் ஆபீசிலிருந்து நேரே வந்தாள். கதிர்வீச்சுக்கு அளவெடுக்கும் நாள் குறித்த சீட்டைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். “வா, போலாம். ஆனா தப்பாப் போச்சுன்னா நான் உன்னை மன்னிக்கவே மாட்டேன்.” சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து ஒரு தோசையை எடுத்துச் சாப்பிட்டாள்.

4

அளவெடுத்த அன்று தீபா கூடவே இருந்தாள். அங்கே சொன்னதையெல்லாம் அவள்தான் கேட்டுக்கொண்டாள், அவளே என்னைக் கழிவறை வரைக்கும் கூட்டிப்போனாள், உள்ளே அனுப்பினாள். அடிவயிற்றிலும் இரண்டு இடுப்பிலும் மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள். தினமும் அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் மெஷினுக்கு நேராகப் படுக்கவைப்பார்களாம். பச்சை குத்திக்கொள்ள ஆசைப்பட்ட வயதில் அப்பாவிடம் உதை வாங்கியிருக்கிறேன். அறுபத்து மூன்று வயதில் அவர் பெயரிலேயே குத்திக்கொண்டாயிற்று.

முதல் நாள் சிகிச்சைக்கு நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றேன். முப்பத்தைந்து வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டியவனுக்கு எதற்குத் துணை?

கதிர்வீச்சு வார்டு தரைக்குக் கீழே. பெஞ்சில் நாலைந்து ஆண்கள், எல்லோருக்கும் என் வயதுக்கு மேலே, எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் இருந்தவர் கைகொடுத்தார். ரிச்சர்ட்ஸ் டவுன் சேவியர், ஸ்கூல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“புதுசா பிரதர்? வெல்கம். முக்கா லிட்டர் குடிக்கணும், அரை மணி நேரம் அடக்கணும். டேங்க் ஃபுல்லானாத்தான் உள்ள விடுவாங்க.”

அவருக்கு ப்ராஸ்டேட். பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் ப்ராஸ்டேட். அவர்களுக்கு நிரம்பிய பை வேண்டும், அப்போதுதான் அது மேலே நகர்ந்து கதிர் படாமல் தப்பிக்கும். எனக்கோ அந்தப் பைதான் குறி, அது தினமும் ஒரே அளவில் காலியாக இருக்கவேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது பெஞ்சும் பாட்டிலும்தான்.

கதவு திறந்தது. டெக்னீஷியன் பெண், பெயர் ரூபா, தலையை நீட்டினாள்.

“குப்புசாமி அங்கிள்! யூரின் பூரா பிடி, ஆமேலே ஒளகெ பன்னி.”

பிறகு உள்ளே வாருங்கள் என்பது வரைக்கும் எனக்குச் சரியாகப் புரிந்தது. பூரா பிடி என்பதும் புரிந்தது, தமிழில். முப்பது வருடம் அதே வார்த்தையை வைத்து ஜோக் சொன்னவன் நான். என் காது அன்று என்னோடு இல்லை. பயம் வந்தால் காது சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறது, இதை அன்று கண்டுகொண்டேன். நான் சேவியர் சாரிடம் பாட்டிலை வாங்கி ஒரு லிட்டர் குடித்தேன். அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே, முதல் நாள் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று.

அன்று பார்த்து மெஷின் நாற்பது நிமிடம் தாமதம்.

அடக்குவதில் நான் சாதாரண ஆள் இல்லை. குடியாத்தத்தில் படித்தவனுக்கு அது தனிப் பாடம். எங்கள் கணக்கு வாத்தியார் வகுப்பு நடுவில் யாரையும் வெளியே விட மாட்டார், ஒற்றை விரல் தூக்கினால் அந்த விரலிலேயே அடி. சினிமாக் கொட்டகையில் எழுந்து போனால் திரும்பி வரும்போது இடம் இருக்காது. வேலூர் போகும் பஸ்ஸை நடுவில் நிறுத்தச் சொன்னால் கண்டக்டர் நம் வம்சத்தையே விசாரிப்பார். அடக்குகிறவன் ஆம்பளை, ஓடுகிறவன் அசிங்கம் என்று வளர்ந்தோம். இப்படி வருடக்கணக்கில் அடக்கியதோடு பீடிப் புகையும் சேர்ந்துதான் பைக்குள் இது வந்திருக்குமோ என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அடக்கியதைப் பற்றி எனக்குத் தெரியாது, பீடியைப் பற்றித் தெரியும் என்றார் அவர்.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நான் கால்மேல் கால் போட்டு, அந்தக் காலைக் கையால் அமுக்கி, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். சேவியர் சார் முழங்காலைத் தட்டினார். “ஸ்ட்ராங்கா இருங்க பிரதர்.” அவரும் அதே நிலைமையில்தான் இருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். படுக்கவைத்து, புள்ளிகளைப் பார்த்து நேராக்கி, எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்தினார்கள். மெஷின் என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்து படம் எடுத்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் ரூபா.

“அய்யோ அங்கிள், ஃபுல் இதெயல்லா!”

“ஆமாம்மா,” என்றேன் பெருமையாக. “ஒரு சொட்டுகூட விடல.”

கதவு திறந்து அவள் ஓடிவந்தாள். “பிடி அந்த்ரெ ஹிட்கொண்டு பந்தித்தீரா?” விடச் சொன்னால் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்களா? அந்த ஒரு கணத்தில் என் காது ரயிலை விட்டு இறங்கித் திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிலைமையில் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத ஒன்று உண்டென்றால் அது சிரிப்புதான். மேஜைவிரிப்பை மாற்றினார்கள். இதற்கு மேல் விவரம் வேண்டாம்.

5

சாயங்காலம் தீபாவிடம் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் மட்டும் வந்தது.

“நான் கூட வர்றேன்னு சொன்னேன் இல்ல? அவங்க பாக்காம கரண்ட் குடுத்திருந்தா?”

பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள், அதற்குத்தான் தினமும் படம் எடுக்கிறார்கள் என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்தாள், மார்க்கர் பேனா ஒன்றைத் தேடி எடுத்தாள். “தமிழ்ல விடுன்னு எப்பிடி எழுதறது?”

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தீபாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி எது என்று கேட்ட படிவத்தில் கன்னடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். மார்க் வரும், நாளைக்கு வேலைக்கு உதவும் என்றார்கள், வந்தது, உதவியது. நான் வாங்குகிற தமிழ் வாரப்பத்திரிகையை அவள் படத்துக்காக மட்டும் புரட்டுவாள். ஊருக்கு வந்தால் பஸ் போர்டு படிக்க என் முகத்தைப் பார்ப்பாள். அதைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை, சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

போனில் எழுத்தை வரவழைத்து, அதைப் பெரிதாக்கி, படம் வரைகிற மாதிரிப் பார்த்துப் பார்த்துக் கோப்பின் மேலட்டையில் வரைந்தாள். ‘வி’ மூக்கு உடைந்து நின்றது, ‘டு’வுக்கு வால் நீண்டு அட்டையின் ஓரம் வரைக்கும் போனது. இருபத்தொன்பது வயதில் என் மகள் எழுதிய முதல் தமிழ் வார்த்தை அதுதான். விடு.

“தெனமும் இத பாத்துட்டு உள்ள போ.”

மிச்சம் முப்பத்தொரு நாளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். பெஞ்சில் நான் தனிக்கட்சி. எல்லோரும் பிடிக்கிற கட்சி, நான் விடுகிற கட்சி. நான் ஜம்மென்று கழிவறையிலிருந்து வரும்போது நெளிந்துகொண்டிருக்கிற சேவியர் சார், “பொறாமையா இருக்கு பிரதர்” என்பார். அவருக்குச் சிகிச்சை எனக்கு முன்னாடியே முடிந்தது. கடைசி நாளில் தன் பாட்டிலை எனக்கு நினைவாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரத்திலிருந்து என் பெருமையெல்லாம் போயிற்று. எரிச்சல். அரை மணிக்கு ஒருமுறை ஓட்டம், ஓடினால் நாலு சொட்டு. மருந்து ஏற்றும் நாளில் சோறு பார்த்தாலே குமட்டும். ஆஸ்டின் டவுனிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எந்த ஓட்டலில் கழிவறை சுத்தம், எந்தப் பெட்ரோல் பங்கில் சாவி கேட்டால் கொடுப்பான் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். காவல் நிற்பது தீபா. கதவுக்கு வெளியே நின்று லேப்டாப்பில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் யாரையோ அதட்டிக்கொண்டிருப்பாள், நான் வெளியே வந்ததும் தமிழில் கேட்பாள், “வுட்டியா?”

கதிர்வீச்சு முடிந்த பிறகு வந்த மூன்று மாதம்தான் மோசம். எரிச்சல் மெல்லக் குறைந்தது, எனக்கு வேலையில்லாமல் போயிற்று. செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது பயப்படுவதுதான் வேலை. கழிவறையில் விளக்கைப் போட்டுக் குனிந்து நிறம் பார்ப்பேன். சரோஜா மூன்று மாதமும் பீட்ரூட் வாங்கவில்லை. அவளும் பயந்துதான் இருந்தாள், அதைக் காய்கறிக் கூடையில் காட்டினாள். தீபா சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தப்பாகப் போனால் மன்னிக்க மாட்டேன் என்றாள். நோய்கூட அவ்வளவு பயமுறுத்தவில்லை. கேமராவில் ஏதாவது தெரிந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

6

சென்ற செவ்வாய்க்குத் திரும்புகிறேன். பலூன் படத்தைப் பார்த்து முடித்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். “குப்புசாமி கடெயவரு யாரு?” குப்புசாமியோடு வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்க, தீபா கை தூக்கினாள். பேத்தி தாத்தாவுக்காகத் தூக்கிய கை என்று நினைத்துக்கொண்டேன்.

மரத்துப்போக ஏதோ தடவி, குழாயை விட்டார்கள். எங்கே விட்டார்கள் என்று சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். பக்கத்துத் திரையில் என் உட்புறம் ஓடியது. ரோஸ் நிறத்தில் ஒரு குகை. அதற்கு மேல் நான் திரையைப் பார்க்கவில்லை, டாக்டரின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்க் போட்ட மனிதரின் கண்ணில் ஒன்றும் தெரியாது. அவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். முன்னே போனார், பின்னே வந்தார், மறுபடி அதே இடத்தில் நிறுத்தினார். என் இரண்டு கையும் மேஜை ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன.

“பொண்ணைக் கூப்பிடுங்க,” என்றார் நர்ஸிடம்.

போச்சு என்று நினைத்தேன். என்மேல் துணியைப் போர்த்திவிட்டு தீபாவை உள்ளே விட்டார்கள். அவள் என்னைப் பார்க்காமல் நேரே திரையைப் பார்த்தாள். டாக்டர் விரலால் வெள்ளையாக ஒரு கோட்டைக் காட்டினார். பழைய தழும்பு, கட்டி இருந்த இடம். பிறகு மாஸ்க்கை இறக்கினார்.

“ஏனூ இல்ல, பிடி.”

கன்னடத்தில் அதற்கு அர்த்தம், ஒன்றுமில்லை, விடுங்கள். கவலையை விடுங்கள் என்று எல்லோரும் எல்லோருக்கும் தினமும் சொல்வதுதான். இன்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும், இது முடிவு இல்லை, ஆனால் இன்றைக்குச் சுத்தம் என்று அவர் மேற்கொண்டு சொன்னதெல்லாம் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. காது மறுபடி ரயில் ஏறியிருந்தது. ஒன்றுமில்லை, பிடி. இந்தா, உன் பை, வைத்துக்கொள்.

தீபா என் நெற்றியில் கை வைத்தாள். “அப்பா, அவரு சொன்னது கன்னடம். தமிழ்ல கேட்டு வெக்காதே.”

“ரெண்டுலயும் கேட்டேன்மா.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். கோப்பை மடியில் வைத்து, மூக்கு உடைந்த ‘விடு’வின்மேல் ஒரு கோடு கிழித்தாள். போனைப் பார்க்கவில்லை, எப்போது கற்றுக்கொண்டாளோ. நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதன் கீழே இரண்டு எழுத்தை மெல்ல எழுதி என்னிடம் நீட்டினாள்.

“இந்தா. நீ சொன்னதுதான் சரி. பிடிச்சிக்கோ.”

முதல் எழுத்தில் மேலே ஒரு சுழி அதிகமாகப் போட்டிருந்தாள். நான் திருத்தவில்லை. கோப்பை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் ஆட்டோவில் அழுதுகொண்டு வந்தேன்.

வீட்டில் சரோஜா முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அட்டையைப் பார்த்தாள். “என்னாங்க இது, பீடின்னு எழுதியிருக்கு? டாக்டரே குடிக்கச் சொல்லிட்டாரா?”

“டாக்டர் இல்ல,” என்றேன். “ஒம் பொண்ணு.”